காசிமேட்டு வலைக்கடையும் 38,000 ரூபாய் உரிமமும்

வாசகர் கேள்வி: காசிமேட்டில் அப்பா காலத்திலிருந்து வலை, கயிறு, மிதவை விற்கும் கடை எங்களுடையது. இராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கமிருந்தும் ஆட்கள் கேட்பதால் அண்ணனும் நானும் ஓர் இணையதளம் தொடங்கினோம். மாத வாடகைக்கு எடுத்த சர்வரில் அண்ணனின் நண்பர் லினக்ஸ் போட்டு, இலவச மென்பொருள்களை வைத்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். போன வாரம் ஒரு விற்பனை முகவர் வந்தார். "வியாபாரத்துக்கு இலவச மறையாக்க (என்கிரிப்ஷன்) மென்பொருளைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். வணிக உரிமம் வாங்க வேண்டும். மூன்றாண்டுச் சான்றிதழோடு சேர்த்து 38,000 ரூபாய்" என்று விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் வேலை பார்த்த எங்கள் மாமாவும், "ஆர்.எஸ்.ஏ. முறைக்கு உரிமம் இல்லாமல் கடை நடத்தக் கூடாது" என்கிறார். இன்னொருவரோ, சர்வரை நிர்வகிக்கும் கட்டண மென்பொருளின் உரிமப் பூட்டை உடைத்த பிரதியை 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். எது சட்டப்படி சரி?
— ஒரு வாசகி, காசிமேடு

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள். 1,500 ரூபாய்க்காரரைச் சர்வர் பக்கமே அண்டவிடாதீர்கள். உங்களிடம் இப்போது இருக்கும் இலவச மென்பொருள் முறையான உரிமத்தோடுதான் இருக்கிறது. அதை வைத்துத் தாராளமாகக் கடை நடத்தலாம். இத்தோடு பதிலை நிறுத்தியிருப்பேன். ஆனால் நாளை இன்னொருவர் வேறொரு விலைப்பட்டியலோடு வந்து நிற்பார். அவருக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக விரிவாக எழுதுகிறேன்.

மாமாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வது ஒரு நாட்டில், ஒரு காலத்தில் முழு உண்மை. 1977இல் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் கண்ட மறையாக்க முறைதான், அதாவது தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றும் முறைதான், அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. ஆயிற்று. அதற்கு 1983 செப்டம்பர் 20 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. விண்ணப்பிப்பதற்கு முன்பே முறையை வெளியிட்டுவிட்டதால் மற்ற நாடுகளில் அவர்களால் காப்புரிமை பெற முடியவில்லை. அதனால் விந்தையான ஒரு நிலை உண்டாயிற்று. ஆஸ்திரேலியாவில் எரிக் யங்கும் டிம் ஹட்சனும் எழுதிய எஸ்.எஸ்.எல்.ஈ. என்ற இலவச நிரல் தொகுப்பை இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இருந்த கடைக்காரர், இணையப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி சர்வரோடு இணைத்துத் தடையின்றி ஓட்டலாம். அதே நிரலை அமெரிக்கக் கடைக்காரர் வணிகத்துக்கு ஓட்டினால் காப்புரிமை மீறல். அவர் ஸ்ட்ராங்ஹோல்ட் போல, ஆர்.எஸ்.ஏ. உரிமத்தையும் சேர்த்து விற்ற கட்டண சர்வரை வாங்கியாக வேண்டும். மாமா அந்த நாட்களை நினைவில் வைத்திருக்கிறார்.

2000 செப்டம்பர் 6 அன்று, காப்புரிமை காலாவதியாக இரண்டு வாரம் இருக்கும்போதே, அதற்கு உரிமம் விற்றுவந்த ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் அந்த முறையைப் பொதுவில் விட்டுவிட்டது. அன்று முதல் அமெரிக்காவிலும் அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. நம் நாட்டில் அது ஒருபோதும் இருந்ததில்லை. நம் காப்புரிமைச் சட்டம் 3(k) பிரிவில் கணித முறைகளையும் அல்காரிதங்களையும் காப்புரிமைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

அந்தக் காலத்தின் இன்னொரு கட்டுப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், அதன் வடு இன்றைய சர்வர்களிலும் கிடக்கக்கூடும். அமெரிக்க அரசு அப்போது வலுவான மறையாக்கத்தை ஆயுதத்தைப் போல நடத்தியது. வெளிநாடுகளுக்கு அனுப்பிய பிரவுசர்களில் எளிதில் உடைக்கக்கூடிய 40 பிட் சாவிதான் இருக்கும். பாரிமுனை அருகே ஒரு சிறிய அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கணினிகளில் இருந்தது அந்த வலுக்குறைந்த பதிப்புதான். 2000 ஜனவரியில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஆனால் வலுக்குறைந்த சாவிகளை ஏற்கும் நிரல் மட்டும் பல சர்வர்களில் நீக்கப்படாமல் கிடந்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 2015இல் ஃப்ரீக், லாக்ஜாம் என்று பெயரிடப்பட்ட இரண்டு தாக்குதல் வழிகள் அந்த ஓட்டை வழியாகவே வெளிப்பட்டன. உங்கள் சர்வரில் டி.எல்.எஸ். என்ற ரகசியப் பேச்சு விதிமுறையின் 1.2, 1.3 பதிப்புகளை மட்டும் திறந்துவைத்து மற்றவற்றை மூடிவிடச் சொல்வது இதற்காகத்தான். 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகளைத் தர நிர்ணயம் செய்யும் அமைப்பே 2021 மார்ச்சில் கைவிட்டுவிட்டது.

இனி முகவரின் விலைப்பட்டியலுக்கு வருவோம். "மறையாக்க உரிமம்" என்ற ஒரே வரிக்குள் நான்கு வெவ்வேறு பொருள்களை அவர் கலந்துவைத்திருக்கிறார். வாடிக்கையாளரின் செல்பேசியும் உங்கள் சர்வரும் எந்த ஒழுங்கில் ரகசியமாகப் பேசிக்கொள்வது என்ற விதிமுறைதான் டி.எல்.எஸ். அது பொதுத் தரம். யாரும் யாருக்கும் விற்க முடியாது. அந்த விதிமுறையை நடத்திக் காட்டும் நிரல் தொகுப்பு ஓப்பன் எஸ்.எஸ்.எல். பக்கங்களை எடுத்துக் கொடுப்பது அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். "இந்த முகவரி இந்தக் கடைக்கு உரியதுதான்" என்று மூன்றாம் ஆள் ஒருவர் உறுதி சொல்வது சான்றிதழ். இந்த நான்கில் உரிமம் என்ற கேள்வி எழுவது நடுவில் உள்ள இரண்டுக்கு மட்டும்.

இலவசம் என்றால் உரிமம் இல்லாதது என்று நம் வியாபாரிகள் பலர் நினைக்கிறார்கள். முகவர்களுக்கு வசதியாகப் போவது இந்த நினைப்புதான். உரிமம் என்பது எழுதியவர் கொடுக்கும் அனுமதி. அதற்கு விலை வைப்பதும் வைக்காததும் அவர் விருப்பம். ஓப்பன் எஸ்.எஸ்.எல். 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து அப்பாச்சி உரிமம் 2.0இன்கீழ் இருக்கிறது. அந்த உரிமத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: உலகம் முழுவதும், காலவரையின்றி, கட்டணமின்றி, திரும்பப் பெற முடியாதபடி அனுமதி தருகிறது. எழுதியவர்களுக்கு ஏதாவது காப்புரிமை இருந்தால் அதையும் சேர்த்தே தருகிறது. வணிகத்துக்குக் கூடாது என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அப்பாச்சி சர்வருக்கும் அதே உரிமம்தான். என்ஜின்எக்ஸின் உரிமம் ஒரு பக்கம்கூட வராத, நிபந்தனைகள் மிகக் குறைந்த பி.எஸ்.டி. வகை. உரிம வாசகத்தைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள், மென்பொருளை நீங்கள் மற்றவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும்போதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். சர்வரில் ஓட்டி வலை விற்பது அதில் சேராது.

ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லின் பழைய பதிப்புகளில், அந்த மென்பொருளைப் பற்றிக் குறிப்பிடும் விளம்பரங்களில் எழுதியவர்களுக்கு நன்றி தெரிவிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை ஒன்று இருந்தது. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். பழைய பதிப்பில் நீங்கள் கவலைப்பட வேண்டியது பாதுகாப்பைப் பற்றி. 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்று முடிந்தது. உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதற்கு லினக்ஸ் வெளியீட்டார் இன்னும் திருத்தம் அனுப்புகிறார்களா என்று அண்ணனின் நண்பரிடம் இன்றே கேளுங்கள்.

வேறு தொகுப்புகளும் உண்டு. உல்ஃப் எஸ்.எஸ்.எல். என்பதை, பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் கொடுக்கச் சொல்லும் ஜி.பி.எல். உரிமத்திலும் கொடுக்கிறார்கள், கட்டண உரிமத்திலும் விற்கிறார்கள். கருவிகளுக்குள் அதைப் பொதித்து விற்கும் நிறுவனங்களுக்குக் கட்டண உரிமம் தேவைப்படும். உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். கடையின் மற்ற மென்பொருள்களில் ஏ.ஜி.பி.எல். உரிமம் உள்ளது ஏதாவது இருந்து, அதன் நிரலை நண்பர் மாற்றி எழுதியிருந்தால் மட்டும், தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்த மூல நிரலைக் கொடுக்கும் கடமை வரும். அதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறையாக்கத்தைப் பயன்படுத்தவே அரசு அனுமதி வேண்டுமா என்ற சந்தேகமும் உங்களுக்கு வரலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 84A பிரிவு, மறையாக்க முறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2015 செப்டம்பரில் அதன்படி ஒரு கொள்கை வரைவு வெளியாகி, கடும் எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. இணைய வணிகத்துக்கான டி.எல்.எஸ்., அதன் முன்னோடியான எஸ்.எஸ்.எல். ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்று அந்த வரைவுக்கே பின்னிணைப்பு எழுதினார்கள். கடைக்காரர் தம் தளத்தை டி.எல்.எஸ். வழியாக நடத்த அரசிடம் தனி உரிமம் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அரசு உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் என்று முகவர் சொல்லியிருந்தால், அது மின்னணுக் கையொப்பத்துக்கானது. ஜிஎஸ்டி கணக்கு வேலைக்காக உங்கள் ஆடிட்டர் யு.எஸ்.பி.யில் வைத்திருப்பாரே, அந்த வகை. வெப் சர்வர் சான்றிதழைப் பிரவுசர்கள் ஏற்கின்றனவா என்பதுதான் கேள்வி.

அந்த மூன்றாண்டுச் சான்றிதழைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு சான்றிதழின் ஆயுளுக்கு 398 நாள்தான் உச்சவரம்பு என்று ஆனது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைத்துக்கொண்டே போக முடிவாகியிருக்கிறது. நேர்மையான நிறுவனங்களும் மூன்றாண்டுச் சந்தா விற்கின்றன. இடையிடையே புதுச் சான்றிதழ் எடுத்து மாட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அவை சொல்லித்தான் விற்கும். உங்கள் முகவர் அதைச் சொல்லவில்லை என்றால், அவர் விற்கும் பொருளை அவருக்கே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. சான்றிதழின் விலை ஏறுவதால் மறையாக்கத்தின் வலு ஏறாது. நிறுவனத்தின் பெயரை முகவரிப் பட்டையில் பச்சையாகக் காட்டிய உயர்விலைச் சான்றிதழ்களுக்கும் முக்கியப் பிரவுசர்கள் 2019இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டன.

இலவசச் சான்றிதழின் ஆயுள் குறுகியது, 90 நாள். தானே புதுப்பித்துக்கொள்ளும்படி சர்வரில் அமைத்திருப்பார்கள். அது ஒருநாள் ஓசையில்லாமல் நின்றுவிடும். காலாவதி நெருங்குகிறது என்று முன்பு மின்னஞ்சல் வரும். 2025 ஜூனிலிருந்து அந்த மின்னஞ்சலையும் நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி, வலை பிரித்து, கோத்து, மாற்றும் அந்த இரண்டு மாதம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று ராயபுரத்துக்காரனான எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தளத்தைத் திறப்பவருக்கு "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வந்தால், நாகப்பட்டினத்துக்காரர் வேறு கடையைப் பார்த்துப் போய்விடுவார். மாதம் ஒருமுறை பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு, காலாவதி தேதியை நீங்களே பாருங்கள். கடை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அந்த 1,500 ரூபாயைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63B பிரிவு, மீறல் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம். உங்களுக்கு அந்தச் சலுகைக்கு வழியில்லை. சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள் எல்லா அதிகாரத்தோடும் ஓடுவது. உங்கள் சான்றிதழின் ரகசியச் சாவி, வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண், முகவரி எல்லாம் அதன் கைக்கு எட்டும். பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்பது, அதை உங்களுக்கு விற்பவருக்கும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் மண்ணடியில் இரும்புச் சாமான் விற்பவர் ஒருவர் என்னை அழைத்தார். அவருடைய தளத்திலிருந்து இரவு முழுவதும் யார் யாருக்கோ மோசடி மின்னஞ்சல்கள் போயிருந்தன. தேடிப் பார்த்தபோது, அவர் மலிவாக வாங்கிப் போட்ட உடைத்த மென்பொருளுக்குள் ஒரு பின்வாசல் இருந்தது. சர்வரை முழுவதும் அழித்து மறுபடி அமைத்தோம். ஒன்பது நாள் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் இல்லை. அவர் நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர். தன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்; இன்னும் மறக்கவில்லை.

வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது இனி நல்லெண்ணத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அது உச்சவரம்பு; சிறிய கடைக்கு அவ்வளவு வரும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் கடமை உங்களுக்கும் உண்டு. கார்டு எண்களை நீங்கள் சேமிக்கவே கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை வணிகர்களுக்குத் தடை செய்திருக்கிறது. பணம் வாங்கும் பக்கம் பேமென்ட் கேட்வே நிறுவனத்துடையதாகவே இருக்கட்டும்.

அப்படியானால் பணமே செலவழிக்க வேண்டாமா? வேண்டும். இந்த இலவச உரிமங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் இருக்கிறது: உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் பணம் போக வேண்டிய இடம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளியானபோது, ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் அது இரண்டு ஆண்டாக இருந்தது தெரியவந்தது. சர்வரின் நினைவகத்திலிருந்து ரகசியச் சாவியையே உருவிவிடலாம். விடிய விடிய உட்கார்ந்து நான் கவனித்துவந்த சர்வர்களில் திருத்தம் போட்டு, சாவிகளை மாற்றி, புதுச் சான்றிதழ் எடுத்தேன். அதே ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லை உள்ளே பொதித்து விலைக்கு விற்கப்பட்ட கருவிகளும் நிறைய இருந்தன. அவற்றை வாங்கியவர்கள், விற்ற நிறுவனம் திருத்தம் அனுப்பும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கட்டண உரிமம் அன்று அவர்களைக் காப்பாற்றவில்லை. அந்த வாரம் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஆகவே அந்த 38,000 ரூபாயில் ஒரு பகுதியை, மாதம் ஒருமுறை சர்வரைத் திறந்து திருத்தங்கள் போட்டு, பேக்கப்பைச் சோதித்து, உங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பும் ஆளுக்குக் கொடுங்கள். அண்ணனின் நண்பரே அதைச் செய்யலாம். நட்புக்காக இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள், பில் வாங்கிக் கொடுங்கள். கட்டண மென்பொருள் வாங்குவதில் நியாயம் உள்ள இடங்களும் உண்டு. விண்டோஸ் சர்வர் வைத்தால் அதற்கு உரிமம் வாங்கியே ஆக வேண்டும். மறையாக்கம் அதற்குள்ளேயே அடங்கியது, தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140 சான்று பெற்ற மறையாக்கம்தான் வேண்டும் என்று பெரிய வாடிக்கையாளர் யாராவது ஒப்பந்தத்தில் எழுதினால், ரெட் ஹேட் அல்லது உபுண்டு லினக்ஸின் கட்டணச் சந்தாவைப் பாருங்கள். வலைக்கடைக்கு இன்று அது தேவையில்லை.

உரிமங்களுக்கு ஒரு கோப்பு தொடங்குங்கள். உங்கள் படகுக்காரர்கள் பதிவுச் சான்றையும் உரிமத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பார்களே, அப்படி. சர்வரில் உள்ள ஒவ்வொரு மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எங்கிருந்து எடுத்தது, உரிம வாசகத்தின் அச்சுப் பிரதி. லினக்ஸ் வெளியீட்டாரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எல்லாவற்றையும் நிறுவினால் இந்த வேலை ஒரு மாலையில் முடியும். இணைய முகவரியும் சர்வர் கணக்கும் நண்பரின் பெயரில் இருந்தால், கடையின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நல்ல தொழில்காரர் தாமே கேட்டிருக்க வேண்டியது.

முகவருக்கு அண்ணனை ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். எந்த மென்பொருளுக்கு, எந்தப் பதிப்புக்கு, அதன் உரிமத்தின் எந்த வாக்கியத்தின்படி வணிகப் பயன்பாடு தடை செய்யப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கேட்கட்டும். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து உங்கள் சர்வர் ஆலோசகர்